கழுவாத விரல்

முட்டைப் பொடி ஆலையில் இரண்டாம் எண் தொட்டியின் முன்னால் நின்று, தரப் பரிசோதகர் கையிலிருந்த, சர்க்கரையைக் காட்டும் ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சளாகவே இருக்க வேண்டிய பட்டை பச்சையாக மாறியிருந்தது.

"இன்னும் சர்க்கரை இருக்குண்ணே. ரெண்டு மணி நேரம் கூட ஓட விட்டுடலாமா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற தொட்டி ஆள்.

"இரு, இரு. எந்தக் கரண்டியில மொண்ட?"

"இதோ, இதுலதான்."

"இது மூணாம் தொட்டிக் கரண்டி இல்ல? அந்தத் தொட்டியில இன்னும் நொதியே ஊத்தலையே. கழுவினியா?"

தொட்டி ஆள் தலையைச் சொறிந்தார். கரண்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து மறுபடி மொண்டார்கள். புது ஸ்ட்ரிப் மஞ்சளாகவே நின்றது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை.

"பாத்தியா? கரண்டியில இருந்த அழுக்குக்காக ஒரு தொட்டியையே தண்டிக்கப் பாத்த. முதல்ல கரண்டியைச் சந்தேகப்படு, அப்புறம் தொட்டியைச் சந்தேகப்படலாம்" என்றார் அவர்.

ஆலையில் அவருக்குப் பெயர் 'கறார்'. தரப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். முட்டையின் வெள்ளைக்கருவில் இயற்கையாகவே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டு. அதை எடுக்காமல் உலர்த்தினால் பொடி நாளடைவில் பழுப்பேறி வாடை அடிக்கத் தொடங்கும். அதனால் உலர்த்துவதற்கு முன் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தொட்டியில் கலந்து, சூட்டையும் புளிப்பையும் அளவாக வைத்து, சில மணி நேரம் ஓட விடுவார்கள். குளுக்கோஸ் முழுவதும் போய்விட்டது என்று கறார் ஸ்ட்ரிப் நனைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் தொட்டியின் வால்வு திறக்கும்.

அந்த நொதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் ஓய மாட்டார். டீ இடைவேளையில் யாராவது அகப்பட்டால் தீர்ந்தது.

"ஒரு பூஞ்சையிலேர்ந்து எடுக்கிற சாமான் இது. குளுக்கோஸைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பாக்காது. வீட்டுச் சர்க்கரையைக் கரைச்சு வை, சீண்டாது. குளுக்கோஸ் துளி இருந்தா போதும், ஆக்சிஜனைக் கூட்டுச் சேத்துக்கிட்டு அதை அமிலமா மாத்திடும். ஆக்சிஜன் பத்தலைன்னா வேலை நிறுத்தம். சூடு ஏறிட்டா செத்தே போயிடும். ரொட்டி மாவு தளராம நிக்க இதைப் போடறாங்க. பாட்டில் ஜூஸ் நிறம் கெடாம இருக்க இதைப் போடறாங்க. வீட்டுல ரத்தத்துல சுகர் பாக்கிறாங்களே, என்கிட்ட இருக்கிற அந்த மிஷினோட ஸ்ட்ரிப்ல தடவியிருக்கிறதும் இதேதான். மனுஷன் பொய் சொல்லுவான். இது பொய் சொல்லாது!"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, கடைசி வரியைத் தவிர. அந்த நொதிக்குப் பொய் சொல்லத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் தான் கண்ட குளுக்கோஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. இந்தப் பாதி உண்மையைக் கறார் அன்று மாலையும் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

வீட்டில் வாசற்கதவை ஒட்டி ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் சுகர் மிஷின், ஊசி, ஸ்ட்ரிப் டப்பா, ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, ஒரு நோட்டு. ஐந்தே முக்காலுக்கு மனைவி வேலையிலிருந்து வருவாள். ஐந்தரைக்கே எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும்.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம். இன்சுலின் ஆரம்பித்து எட்டு மாதம். உலர்ந்த திராட்சையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடம் ஒன்றில் அவள் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மேஜையில் கொட்டிக் கிடக்கும் திராட்சையில் காம்பு, கல், அழுகல் மூன்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கையுறை உண்டு. ஆனால் காம்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று எல்லாப் பெண்களும் அதன் நுனியை வெட்டிவிட்டுத்தான் போட்டுக்கொள்வார்கள். நாற்பது பேருக்குக் கூடத்தில் ஒரே குழாய். ஐந்து பத்துக்கு வேன் கிளம்பிவிடும். குழாயில் வரிசை நின்றால் வேன் போய்விடும் என்பதால் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறுவார்கள்.

மாலையிலும் பார்க்க ஆரம்பித்த மூன்று மாதமாகத்தான் இந்தத் தொல்லை. காலையில் பார்த்தால் நூற்றுப் பத்து, நூற்றிருபது. மாலையில் அதே மிஷின், அதே மனுஷி, இருநூற்று எழுபது, இருநூற்றுத் தொண்ணூறு. விடுமுறை நாட்களில் மாலையிலும் ஒழுங்காக இருந்தது. கறார் நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்துப் பார்த்தார். வேலைக்குப் போகும் நாளில் ஏறுகிறது, வீட்டில் இருக்கும் நாளில் ஏறவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

"திராட்சை தின்னியா?" என்று முதல் தடவை கேட்டபோது அவள் சிரித்தாள்.

"அதைப் பாத்துப் பாத்து எனக்கு வாந்தியே வருது. அதைப் போய்த் திம்பாங்களா?"

இரண்டாம் வாரம் அவர் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. நான்காம் வாரம், "உங்க மேல சத்தியமா இல்லைங்க" என்றாள். எட்டாம் வாரத்திலிருந்து அவள் பதிலே சொல்வதில்லை. பதில் இல்லாததையும் கறார் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டார்.

அவள் ஒரு திராட்சை கூடத் தின்றதில்லை. அதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுப்படியைத் தாண்டித்தான் குளியலறை. வீட்டில் இருந்த இரண்டு குழாயும் அந்தப் பக்கம்தான். வந்ததும் அடுப்படிக்குப் போனால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள், அல்லது தின்றதை மறைக்க ஏதாவது செய்வாள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒரு சட்டம் போட்டார். செருப்பைக் கழற்றியதும் நாற்காலி. முதலில் விரல், பிறகுதான் வீடு.

ஒரு நாள் அவள் கேட்டாள். "கை பிசுபிசுங்குது. கழுவிட்டு வந்துடறேனே."

"ஸ்பிரிட் எதுக்கு வச்சிருக்கேன்? உக்காரு. தண்ணி பட்ட விரல்ல குத்தினா ரத்தம் நீத்துப்போயிடும். அளவு குறைச்சுக் காட்டும். அதுக்குத்தானே பாக்கிற?"

அவள் உட்கார்ந்தாள். அவர் ஸ்பிரிட் பஞ்சால் விரலை இரண்டு தடவை அழுந்தத் துடைத்து, காயவிட்டு, குத்தினார். இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

சந்தேகம் ஒரு வீட்டுக்குள் வந்தால் சாட்சியையும் அதுவே தயார் செய்துகொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் கையைக் கழுவ முடியாமல் செய்தது அவருடைய சந்தேகம். கழுவாத கை காட்டிய எண்ணை அந்தச் சந்தேகமே பிடித்துவைத்துக்கொண்டு, 'பார், பார்' என்றது.

இருநூற்று ஐம்பதைத் தாண்டினால் மாலை ஊசியில் நான்கு யூனிட் கூட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். நான்கு போட்டும் மறுநாள் மாலை குறையவில்லை. கறார் டாக்டரிடம் போகவில்லை, தானே ஆறாக்கினார். பிறகு எட்டாக்கினார். தொட்டியில் நொதி போதாவிட்டால் கொஞ்சம் கூட்டுவது இல்லையா, அதைப் போல.

அதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிவாக்கில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்த்தது. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது.

"ஏதோ பண்ணுதுங்க. பயமா இருக்கு" என்றாள்.

"சுகர் ஏறினா அப்படித்தான் பண்ணும். வாயைக் கட்டு, சரியாப் போயிடும்."

அவளுக்குள்ளேயே ஒரு அச்சம் புகுந்துகொண்டது. ஒரு வேளை திராட்சைத் தூசி மூச்சில் போகிறதோ? பேச்சுவாக்கில் தன்னை அறியாமல் வாயில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறோமோ? கூடத்தில் வாயை இறுக மூடியபடி வேலை செய்தாள். பக்கத்தில் இருப்பவள் ஜோக் சொன்னாலும் சிரிப்பதில்லை. ஒருவர் மூன்று மாதம் விடாமல் குற்றம் சொன்னால், செய்யாதவருக்கும் செய்துவிட்டோமோ என்று தோன்றத்தானே செய்யும்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கறார் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராகத் திராட்சைக் கூடத்துக்கே போனார்.

"மேடம், அவ சுகர் பேஷண்ட். வேலை நேரத்துல திராட்சை எடுத்துத் தின்னறா. அவ உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். நல்ல எண்ணம்தான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கூடத்தின் சட்டத்தில் சரக்கைத் தின்பதற்குப் பெயர் திருட்டு. மேற்பார்வையாளர் அவளைத் தன் கண் முன்னால் முதல் மேஜைக்கு மாற்றினார். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை முடிந்து போகும்போது நாற்பது பேர் பார்க்க அவளுடைய மேலங்கிப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பையில் ஒரு கைக்குட்டையும் ஊக்கும் இருந்தன. இனி தினமும் காட்ட வேண்டும் என்றார். மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போய்விடும்.

அன்று மாலை வேனில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, விரலை நீட்டிக்கொண்டே சொன்னாள். "என்னைத் திருடின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"நான் அப்படிச் சொல்லல. உன் நல்லதுக்குச் சொன்னேன்."

"இருபத்திரண்டு வருஷம் உங்ககூட இருக்கேன். எப்பவாவது உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிருக்கேனா?"

மிஷின் 'பீப்' என்றது. முந்நூற்று முப்பத்தெட்டு.

கறார் அந்த எண்ணை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வேறு பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. ஊசியில் எட்டு யூனிட் கூட்டினார். சாப்பாட்டில் பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார். "முந்நூத்தி முப்பத்தெட்டை வச்சுக்கிட்டு இவ்வளவு சாப்பிட்டா எங்க போய் முடியும்?" என்றார். அவள் தட்டில் இருந்ததிலும் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஏழே கால் இருக்கும். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தாள். மகள் இரண்டு மூன்று தடவை கவனித்தாள். அம்மா ஒரே துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள்.

"அம்மா, அதை அப்பவே மடிச்சாச்சும்மா."

"காம்பு இருக்கு. காம்பை எடுத்துட்டுத்தான் வைக்கணும்" என்றாள் அம்மா.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் முகம் வியர்வையில் குளித்திருந்தது. ரவிக்கை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கண் மகளைப் பார்த்தாலும் பார்வை வேறு எங்கோ இருந்தது.

"அப்பா! இங்க வாங்க! அம்மா என்னமோ மாதிரி பேசறாங்க!"

கறார் ஓடி வந்தார். இந்தத் தடவை எதையும் யோசிக்காமல் விரலைப் பிடித்துக் குத்தினார். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துணி அலசிய விரல் அது. நாற்பத்து நான்கு.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றார்.

முந்நூற்று முப்பத்தெட்டை நம்ப அவருக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. நாற்பத்து நான்கை நம்ப மனம் வரவில்லை. இன்னொரு ஸ்ட்ரிப் எடுத்தார். எடுத்த அவசரத்தில் டப்பா கவிழ்ந்து ஸ்ட்ரிப்கள் தரையில் சிதறின. பொறுக்கக் குனிந்தார்.

"அப்பா, மிஷினை விடுங்க! அம்மாவைப் பாருங்க!" என்று மகள் கத்தினாள்.

அப்போதுதான் அவர் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக எண்ணைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

சுகர் இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது மகளுக்குத் தெரியும். மகள் ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட, கறார் அடுப்படிக்கு ஓடினார். டம்ளரில் பாதி சர்க்கரையும் பாதி தண்ணீருமாகக் கலக்கி எடுத்துவந்து மனைவியின் வாயருகே நீட்டினார்.

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"குடி. கொஞ்சம் குடிம்மா."

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். "வேணாம். நான் திங்கல. பையைப் பாருங்க மேடம்... கைக்குட்டைதான் இருக்கு."

"நான்தான்மா. இது சர்க்கரைத் தண்ணி. உனக்கு சுகர் இறங்கிடுச்சு."

"தெரியும்... குடிச்சா பிடிச்சுக்குவீங்க. நோட்டுல எழுதுவீங்க." பல்லைக் கடித்துக்கொண்டாள். டம்ளர் பல்லில் இடித்துத் தண்ணீர் தாடையில் வழிந்தது.

"எழுத மாட்டேன். சத்தியமா எழுத மாட்டேன். உன் காலைப் பிடிக்கிறேன், வாயைத் திற!"

எந்த வார்த்தையும் அவளுக்குள் இறங்கவில்லை. நினைவு தடுமாறும் மனதில் ஒன்றுதான் ஆணி அடித்த மாதிரி நின்றது. இந்த மனிதர் முன்னால் இனிப்பு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கறாரின் குரல் நெருங்க நெருங்க அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

மகள் டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "அப்பா, வெளியே போங்க."

"என்ன?"

"நீங்க இருந்தா அம்மா குடிக்க மாட்டாங்க. போங்கப்பா, கதவைச் சாத்திட்டுப் போங்க!"

கறார் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படியில் நின்றார். தன் மனைவி பிழைக்க வேண்டுமென்றால் தான் அவள் கண்ணில் படக் கூடாது. இந்த நிலைமைக்குத் தன் கையாலேயே கொண்டுவந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே மகளின் குரல் கேட்டது. "அம்மா, அப்பா போயிட்டார். நான்தான் இருக்கேன். இது மருந்து. ஒரு வாய்... அப்படித்தான்... இன்னொரு வாய்." கதவில் காதை வைத்துக்கொண்டு அவர் அழுதார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் தன் பெயரைச் சரியாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணியில் முழு நினைவும் திரும்பியது. வாசலில் தயங்கி நின்ற கணவரைப் பார்த்து, "டம்ளர் உடைஞ்சுதா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நர்ஸ் அவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், எதையும் இரண்டு தடவை கேட்கிற ரகம்.

"ஆறு மணிக்கு முந்நூத்தி முப்பத்தெட்டு. ஏழே காலுக்கு நாப்பத்தி நாலா? அவ்வளவு வேகமா இறங்காதே சார். அந்த ஆறு மணிக் கணக்கு எனக்கு இடிக்குது. அம்மாவுக்கு என்ன வேலை?"

"திராட்சை பிரிக்கிற வேலை."

நர்ஸ் பேனாவை நிறுத்தினார். "சோதிக்கிறதுக்கு முன்னால கையைக் கழுவினாங்களா?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். ரெண்டு தடவை."

"ஸ்பிரிட் கிருமிக்கு சார். பழத்தோட சர்க்கரை அதுல சரியாப் போகாது. பழம் வெட்டின கையை அஞ்சு தடவை ஸ்பிரிட்ல துடைச்சாலும் மிஷின் ஏத்தித்தான் காட்டும். சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவித் துடைச்சுட்டுக் குத்தணும். கழுவவே விடலையா நீங்க?"

கறார் கட்டிலருகே போனார். மகள் எடுத்துவந்திருந்த மனைவியின் கைப்பையைத் திறந்தார். நுனி வெட்டிய கையுறைகள் உள்ளே சுருண்டு கிடந்தன. வெட்டிய ஓரத்தை ஒரு காகிதக் கோப்பைத் தண்ணீரில் அலசினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆலை ஸ்ட்ரிப் ஒன்றை அதில் நனைத்தார். மஞ்சள் பட்டை சில நொடிகளில் கரும்பச்சையாகிவிட்டது.

ஒரு தொட்டிக்காகக் கரண்டியைச் சந்தேகப்பட்ட மனிதர். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்காக அவள் விரலைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் டாக்டர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவில் சர்க்கரை சரியான அளவிலேயே இருந்தது. தன்னிஷ்டத்துக்கு ஊசி அளவைக் கூட்டியதற்கு அவரிடம் கறார் வாங்கிய திட்டு தனிக் கதை.

நான்கு நாள் கழித்து அவள் வேலைக்குக் கிளம்பினாள். கறாரும் கூடவே வேனில் ஏறினார். முட்டைத் தொட்டி மட்டும்தான் இல்லை, மிஷின், ஸ்ட்ரிப், புது ஊசிகள் எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று தடவை பேச ஆரம்பித்து மூன்று தடவையும் நிறுத்திக்கொண்டார்.

கூடத்தின் வாசலில் மேற்பார்வையாளர் அம்மா கையில் ஒரு பிடி திராட்சையோடு சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். உங்களுக்கு சுகர் உண்டா?"

"எனக்கா? போன மாசம்தான் டெஸ்ட் பண்ணினேன். ஒண்ணும் கிடையாது."

"விரலைக் கொடுங்க."

ஸ்பிரிட்டால் துடைத்து, குத்தி, எண்ணைக் காட்டினார். இருநூற்று எண்பத்தொன்பது. மேற்பார்வையாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயய்யோ" என்று பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் மேஜைகளை விட்டுவிட்டுச் சுற்றிக் கூடினார்கள்.

"பயப்படாதீங்க. குழாய்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைச்சுட்டு வாங்க."

கழுவிவந்த விரல் தொண்ணூற்றாறு காட்டியது.

"இப்பப் புரியுதா மேடம்? உங்க ரத்தத்துல சர்க்கரை இல்ல, உங்க விரல்ல இருந்தது. இந்த ஸ்ட்ரிப்ல இருக்கிற நொதிக்கு ரெண்டும் ஒண்ணுதான்." கறார் குரலை உயர்த்தினார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தார். "என் மனைவி உங்க சரக்குல ஒண்ணைக் கூடத் தொட்டு வாயில போட்டதில்ல. தப்பு பூரா என்னோடது. அவளைத் திருடியாக்கினது நான். அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிச்சுடுங்க."

மேற்பார்வையாளர் அங்கேயே கிழித்தார். "என்னையும் மன்னிச்சுடும்மா" என்று அவள் கையைப் பிடித்தார்.

"கடிதம் கிழிச்சது இருக்கட்டும் மேடம், இன்னும் ரெண்டு குழாய் போட்டுக் குடுங்க. வேனைப் பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் மிஷின் வாங்கி வச்சிருக்கார்" என்றாள் இன்னொருத்தி. கூடமே சிரித்தது. குழாய்க்கு அன்றே ஆள் சொல்வதாக மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார்.

கறாருக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. மிஷினைப் பையில் வைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "போதுமா? எல்லார் முன்னாலயும் நிரூபிச்சுட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சது சரிதாங்க. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில. ஸ்ட்ரிப் பச்சையானதுமே தெரிஞ்சுது."

"அதைத்தான் சொல்றேன். மூணு மாசமா நான் வாயைத் திறந்து இல்லை, இல்லைன்னு சொன்னேன். உங்க மேல சத்தியம் பண்ணினேன். அப்ப நம்பல. ஒரு காகிதம் பச்சையானதும் நம்பிட்டீங்க. இன்னிக்கும் நீங்க நம்புறது அந்தக் காகிதத்தை, என்னை இல்ல." அவள் குரல் உயரவில்லை. "கையைக் கழுவிட்டு சோதிக்கணும், டாக்டரைக் கேக்காம ஊசியைக் கூட்டக் கூடாது. இதெல்லாம் ஒரு நாள்ல கத்துக்கலாம். வீட்டு மனுஷி இல்லைன்னு சொன்னா, முதல்ல அவளை நம்பி, அப்புறம் மிஷினைச் சந்தேகப்படணும். அதைக் கத்துக்கங்க. அடுத்த தடவை என் பேச்சை நிரூபிக்க என் உயிர் போய்த் திரும்பி வரணும்னு காத்திருக்காதீங்க."